சேமித்து வைத்த நடை

விடிகாலை ஐந்தரை மணிக்கு அக்கா என்னை உலுக்கி எழுப்பினாள். "எழுந்து வாடி. மலை ஜன்னல்கிட்ட வந்து நிக்குது."

விளக்கு போடத் தேவையே இருக்கவில்லை. ஜூன் மாதத்தில் நார்வேயின் அந்தப் பக்கத்தில் சூரியன் மறைவதற்கே இரவு பதினொரு மணி ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகும் நல்ல இருட்டு என்று ஒன்று வருவதில்லை. பால்கனிக் கதவைத் தள்ளினால் குளிர் முகத்தில் வந்து ஒட்டியது. கப்பல் சத்தம் காட்டாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். அதில் மேலிருந்து கீழ்வரை வெள்ளை நூலைத் தொங்கவிட்ட மாதிரி அருவிகள். எண்ண ஆரம்பித்து, பதினேழில் விட்டுவிட்டேன். அக்கா விடவில்லை. அவள் முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். எண்ணத் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள்.

"இது கடலா, ஆறா?" என்று கேட்டாள்.

"கடல்தான் அக்கா. கடல் மலைக்குள்ள வந்திருக்கு."

அதைத்தான் ஃபியோர்டு என்கிறார்கள். பனியாறுகள் நெடுங்காலம் மலையை அரைத்து அரைத்துப் பள்ளம் பறித்தன. பனி உருகிப் பின்வாங்கியதும் அந்தப் பள்ளத்தில் கடல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சோங்னஃபியோர்டு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள் நீள்கிறது. அதன் ஆழம் சில இடங்களில் 1,300 மீட்டரைத் தாண்டும். அதில் இருந்து பிரியும் ஒரு கிளை அவுர்லாண்ட் ஃபியோர்டு. அந்தக் கிளையின் நுனியில், மலைகள் மூன்று பக்கமும் சுற்றி நிற்க, ஒரு கைப்பிடி அளவு ஊர். பெயர் ஃப்ளோம். அன்றைக்கு எங்கள் கப்பல் நிற்கப்போவது அங்கேதான்.

எனக்கு அறுபத்தாறு வயது, அக்காவுக்கு எழுபத்தைந்து. அவளுக்கு வலது முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்தது, இடது முட்டி செய்யாதது. செய்யாத முட்டிதான் இப்போது பிரச்சினை. கைத்தடி இல்லாமல் நடக்க மாட்டாள். அந்தக் கப்பலில் இது ஒன்றும் புதிதில்லை. முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். சாப்பாட்டு அறை வாசலில் குடை வைக்கும் இடம் போல் கைத்தடிகள் சாய்ந்திருக்கும்.

கரைச் சுற்றுலாக்களைக் கிளம்புவதற்கு முன்பே பதிவு செய்துவிடலாம். ஆனால் அக்கா, "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். அதனால் கப்பல் ஏறிய மறுநாள் இருவரும் சுற்றுலா மேசைக்குப் போனோம். கையேட்டில் ஒவ்வொரு சுற்றுலாவுக்கும் பக்கத்தில் ஒரு குட்டி மனித உருவம் நடந்துகொண்டிருந்தது. ஓர் உருவம் என்றால் எளிது, இரண்டு என்றால் நடுத்தரம், மூன்று என்றால் கடினம். ஃப்ளோமில் சுற்றிப் பார்க்க மூன்று நான்கு வழிகள் இருந்தன. குறுகலான நேரோய் ஃபியோர்டுக்குள் படகில் போகலாம். யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் அது. பஸ்ஸில் ஏறி ஸ்டெகஸ்டைன் காட்சிமேடைக்குப் போகலாம். 2006இல் மரத்தாலும் இரும்பாலும் கட்டிய அந்த மேடை, ஃபியோர்டுக்கு 650 மீட்டர் உயரத்தில் மலையை விட்டு முப்பது மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது, ஃப்ளோமில் இருந்து மலை உச்சி வரை போகும் ரயில்.

மேசையில் இருந்த இளைஞர் கைத்தடியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "அவங்களுக்கு பஸ் போதும். ஏறி உட்கார்ந்தா திரும்ப வந்துடலாம்" என்ற பொருளில் ஏதோ சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அக்கா பக்கத்திலேயே நிற்கும்போது என்னிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன், அது இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது. எனக்கு அவள் முட்டிதான் மனதில் இருந்தது.

"ரயில்" என்றாள் அக்கா. வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரயிலுக்கே பதிவு செய்தோம். கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவாகவே எடுத்துக்கொண்டோம். தனியாகவும் டிக்கெட் வாங்கலாம், ரயில் நிலையம் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் அது கிளம்பிவிடும். மெதுவாக நடப்பவரோடு போகும்போது அந்தக் கடிகாரப் பயம் இல்லாமல் இருப்பது பெரிய நிம்மதி.

அன்று காலை அக்காவின் போக்கே எனக்குப் பிடிபடவில்லை. காலைச் சாப்பாட்டுக்குக் கப்பலின் பின்கோடி வரை வர மாட்டேன் என்றாள். அறைக்கே ஏதாவது வரவழைத்துவிடு என்றாள். ஒரே ஒரு தளம் இறங்குவதற்கு லிஃப்டுக்காக நின்றாள். சுற்றுலாக்காரர்கள் கூடும் அரங்கத்தில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முன்வரிசையில் இருந்து ஒரு பெண்மணி கையை ஆட்டிக் கூப்பிட்டார், இருவரும் முந்தைய நாள் சிநேகிதமானவர்கள். அக்கா உட்கார்ந்த இடத்தில் இருந்தே கையை ஆட்டினாள், அவ்வளவுதான். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "ஒண்ணுமில்லடி" என்று என் கையைத் தள்ளிவிட்டாள்.

அந்த அரங்கத்தில் நாற்பது நிமிடம் ஓடியது. எளிது, நடுத்தரம் என்று பிரிக்கும் கையேடுகள் இதைச் சொல்வதே இல்லை. எண் போட்ட ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டுவார்கள், எண்ணைக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். கூப்பிட்டதும் அத்தனை பேரும் ஒரே லிஃப்டுக்கு முன்னால் நிற்பார்கள். அப்புறம் அட்டையைக் காட்டும் வரிசை, கரைக்கு இறங்கும் சாய்ந்த பாலம். அதன் சரிவு மென்மையாக இருந்தாலும் குறுக்கே பட்டைகள் அடித்திருப்பதால் கைத்தடியின் அடி ரப்பர் ஒவ்வொரு பட்டையிலும் தட்டும். கீழே இறங்கியதும் வழிகாட்டி எண் பலகையைத் தூக்கிக்கொண்டு வேகமாக முன்னால் போய்விடுவார். சுற்றுலா எளிதாகத்தான் இருக்கும், அதன் வாசல்வரை போய்ச் சேருவது அப்படி இல்லை. வயதானவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்ட நினைக்கும் யாரும் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், உட்கார இடம் உண்டா, கழிப்பறை எங்கே இருக்கிறது? அந்தக் குட்டி மனித உருவம் எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது, ஒரு தடவைகூட நிற்பதில்லை.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ரயில்வே அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. சின்னது, அனுமதி இலவசம். ரயில் வர இன்னும் நேரம் இருந்ததால் வா போகலாம் என்றேன். "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மனசு கேட்காமல்தான் போனேன்.

திரும்பி வந்து, பார்த்ததைச் சொன்னேன். 1920களில் தொடங்கிய வேலை, 1940இல்தான் முதல் ரயில் ஓடியது. மொத்தத் தூரம் இருபது கிலோமீட்டர். அந்த இருபதுக்குள் கடல்மட்டத்தில் இருந்து 866 மீட்டர் உயரம் ஏறுகிறது. பெரும்பகுதியில் பதினெட்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம். இவ்வளவு ஏற்றத்துக்குப் பல இடங்களில் தண்டவாளத்துக்கு நடுவே பல்சக்கரம் போட்டிருப்பார்கள். இங்கே அது கிடையாது, சாதாரண தண்டவாளத்திலேயே ஏறுகிறது. இருபது சுரங்கங்கள். அவற்றில் பதினெட்டைக் கையாலேயே குடைந்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் முன்னேற ஏறக்குறைய ஒரு மாதம் ஆனதாம்.

"ஒரு மீட்டருக்கு ஒரு மாசமா?" அக்கா தன் கைத்தடியைப் படுக்கவைத்துப் பார்த்தாள். அது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரயில் கரும்பச்சை நிறம். பெட்டியில் ஏறப் படிகள் உண்டு, கைப்பிடி உறுதியாக இருந்தது. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் பரபரத்தார்கள். அவசியமே இல்லை. பாதை மலைக்குள் வளைந்து திரும்பித் திரும்பி ஏறுவதால் இரண்டு பக்கத்துக்கும் காட்சி வந்து சேர்கிறது.

முதலில் பள்ளத்தாக்கு. பச்சைப் புல்வெளி, ஆற்றங்கரையில் மர வீடுகள். பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய ஒரு சின்ன மரத் தேவாலயம், காய்ந்த பட்டை நிறத்தில். அப்புறம் சரிவு கூடியது, ஆறு கீழே போனது. இந்தப் பாதையில் ஆற்றை மூன்று தடவை கடக்கிறார்கள், ஆனால் ஒரு பாலம்கூடக் கட்டவில்லை. ஆற்றையே தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கம் வெட்டித் திருப்பிவிட்டிருக்கிறார்கள். இதை ஒலிபெருக்கியில் சொன்னபோது அக்கா, "ஆத்துக்கே வழி போட்டுக் குடுத்திருக்காங்க" என்றாள். அன்று காலையில் இருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

நடுவழியில் பெரெக்வாம் என்ற நிலையம். இருபது கிலோமீட்டரில் எதிர் ரயிலுக்கு ஒதுங்கி வழிவிட அங்கே மட்டும்தான் இரட்டைப் பாதை இருக்கிறது. அதைத் தாண்டியதும் சுரங்கங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒரு சுரங்கத்துக்குள் ரயில் வேகத்தைக் குறைத்தது. பெட்டிக்குள் இருந்த வெளிச்சம் கண்ணாடி வழியே பாறைமேல் விழுந்தது. சுவர் நம் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில். வழவழப்பே இல்லை. உளிபட்ட இடமெல்லாம் குழி குழியாக, பக்கத்தில் பக்கத்தில், ஈரத்தில் மின்னிக்கொண்டு. ஒவ்வொரு குழிக்கும் ஒரு கை ஓங்கி இறங்கியிருக்கிறது. அக்கா உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள். சுரங்கம் முடிந்து வெளிச்சம் வரும்வரை எடுக்கவில்லை.

அதன் பிறகு ஷோஸ்ஃபோசன். 'ஃபோஸ்' என்றால் அவர்கள் மொழியில் அருவி. ரயில் அங்கே ஐந்து நிமிடம் நிற்கிறது. கதவு திறப்பதற்கு முன்பே சத்தம் பெட்டிக்குள் வந்துவிட்டது. பனி உருகும் மாதம் என்பதால் அருவி நிறைந்து கொட்டிக்கொண்டிருந்தது. மொத்த வீழ்ச்சி சுமார் 225 மீட்டர். 1944இல் இந்தப் பாதை மின்சாரத்துக்கு மாறியது. அதற்கான மின்நிலையத்தை இந்த அருவியை நம்பித்தான் கட்டினார்கள்.

எல்லோரும் எழுந்து வாசலுக்கு நெருக்கினார்கள். வெளியே மேடை நனைந்து பளபளத்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. "அக்கா, நீ உட்காரு. நான் ஜன்னலை இறக்கிவிடறேன், இங்கேருந்தே பாக்கலாம்."

அவள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். கைத்தடி வலது கையில். "தள்ளுடி" என்றாள்.

"வழுக்கும் அக்கா."

"தெரியும். நீ எனக்கு முன்னால போய் நில்லு. கையப் பிடிக்காத, நான் உன் தோளப் பிடிச்சுக்கறேன்."

அப்படித்தான் இறங்கினோம். நான் முன்னால், என் இடது தோளில் அவள் கை. படி ஒவ்வொன்றாக, தடி முதலில், அப்புறம் கெட்ட கால், அப்புறம் நல்ல கால். மேடையில் கூட்டம் கம்பித் தடுப்புவரை போய் அடைத்திருந்தது. கைத்தடியைப் பார்த்ததும் ஒருவர் ஒதுங்கினார், அவர் ஒதுங்கியதைப் பார்த்து இன்னொருவர். கம்பிவரை போய்விட்டோம். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

சாரல் மழையாகவே பெய்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அந்த நேரம் எங்கிருந்தோ பாட்டு கேட்டது. அருவிக்குப் பக்கத்தில் பாறைமேல் சிவப்பு உடையில் ஒரு பெண் தோன்றி ஆடினாள். ஹுல்த்ரா என்று நார்வேயின் நாட்டுக்கதைகளில் வரும் மலைப்பெண் அவள். ஆண்களை மயக்கி மலைக்குள் அழைத்துப்போவாள் என்பார்கள். கோடையில் பயணிகளுக்காக அந்த வேடத்தில் ஆடுகிறார்கள். மேடையில் இருந்த எல்லோருடைய கைபேசியும் அந்தப் பக்கம் திரும்பின. அக்கா திரும்பவில்லை. கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி, தண்ணீர் வந்து விழுவதற்கு விட்டுக்கொண்டு நின்றாள். தலைமுடி நெற்றியில் ஒட்டிப்போயிற்று. கம்பளிச் சட்டையின் மயிரெல்லாம் துளித்துளியாய் நீர் கோத்திருந்தது. எண் ஸ்டிக்கர் நனைந்து ஒரு ஓரம் பிரிந்து தொங்கியது.

விசில் ஊதினார்கள். கூட்டம் எங்களைத் தாண்டி ஓடியது. எனக்குப் பதற்றம், அவளுக்கு இல்லை. வந்த வேகத்திலேயே திரும்பினாள். படிக்குப் பக்கத்தில் நின்றிருந்த ரயில் ஊழியர், கடைசி ஆளாக அவள் வருவதைப் பார்த்தார். கையை உயர்த்தி முன்பக்கம் ஏதோ காட்டினார். அப்புறம் அவசரப்படுத்தாமல், உதவவும் முந்திக்கொண்டு வராமல், படிக்கு ஓரமாக அப்படியே நின்றார். அவள் ஏறி முடித்த பிறகுதான் அவர் ஏறினார். அந்த மனிதருக்கு நான் நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

உட்கார்ந்ததும் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினேன். குளிர் பிடித்துவிடும் என்று திட்டவும் செய்தேன். அவள் விரல்விட்டு எதையோ கூட்டிக்கொண்டிருந்தாள்.

"நூத்து இருபத்தாறு" என்றாள்.

"என்னது?"

"போக வர. முன்னூத்தி இருபது எடுத்து வெச்சிருந்தேன். மிச்சமே இருக்கு."

அப்போதுதான் சொன்னாள். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் அடி எடுத்துவைக்கும் வரை அவள் முட்டி பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் கோபித்துக்கொள்ளும், ராத்திரி வீங்கும், மறுநாள் எழுந்திருக்க விடாது. படி ஏறி இறங்குவது ஒன்றுக்கு ஐந்து அடிக் கணக்கு. அறையில் இருந்து ரயில் பெட்டிவரை 980. திரும்பி அறைக்குப் போக, அரங்கம் இல்லாததால், 700 போதும். மீதி 320ஐ அருவிக்கு என்று ஒதுக்கியிருக்கிறாள். கப்பலில் ஏறிய மறுநாள், அந்தக் கையேட்டில் அருவிப் படத்தைப் பார்த்ததில் இருந்தே ஒதுக்கியிருக்கிறாள்.

"அந்தத் தண்ணி மேல படணும்னு இருந்தது. சொன்னா நீ வேண்டாம்னு சொல்லுவே."

சொல்லியிருப்பேன். காலைச் சாப்பாட்டுக்கு வராதது, ஒரு தளத்துக்கு லிஃப்ட், கதவோர நாற்காலி, பெஞ்சை விட்டு எழாதது எல்லாம் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. உடம்பு சரியில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் சேமித்துக்கொண்டிருந்தாள். நாங்களும் பிள்ளைகளும் அவளைக் கூட்டிப்போகும் இடங்களில் எல்லாம் அவள் எத்தனை அடி நடக்க முடியும் என்றுதான் பார்த்திருக்கிறோம். அந்த அடிகளை எதற்காகச் செலவு செய்ய ஆசை என்று ஒருவரும் கேட்டதில்லை. உட்கார்ந்த இடத்தில் இருந்தே எல்லாம் தெரியும்படி ஏற்பாடு செய்துவிட்டு, நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்று திருப்திப்பட்டிருக்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் செய்தோம். ஆனாலும் அவளுக்காக நாங்கள் முடிவெடுத்தது தப்பு. பஸ் போதும் என்ற அந்த இளைஞரும் நானும் அந்த மேசைக்கு முன்னால் ஒரே தப்பைத்தான் செய்தோம்.

உச்சியில் மிர்தால். ஓஸ்லோவில் இருந்து பெர்கன் போகும் பெரிய ரயில்பாதை அங்கே வந்து சேர்கிறது. அந்த நிலையத்துக்குக் கார் போகும் சாலை கிடையாது, ரயிலில்தான் வர வேண்டும், இல்லையென்றால் நடந்தோ சைக்கிளிலோ. ஜூனிலும் பாறை இடுக்குகளில் அழுக்குப் பனி மிச்சம் இருந்தது. அக்கா இறங்கவில்லை. இந்தத் தடவை நான் வற்புறுத்தவும் இல்லை, கவலைப்படவும் இல்லை. "என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டேன்.

"பனி எப்படி இருக்குன்னு பாக்கணும்."

நடைமேடை ஓரத்தில் மேலே இருந்த அழுக்கைத் தள்ளிவிட்டு, உள்ளே இருந்து ஒரு பிடி எடுத்து உருட்டிக்கொண்டு வந்தேன். பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள் போல. அது கல் உப்பு மாதிரி நறநறவென்று இருந்தது. இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டாள். விரல் சிவந்துவிட்டது, கீழே போடச் சொன்னாலும் போடவில்லை. ரயில் இறங்கத் தொடங்கி முதல் சுரங்கம் தாண்டும்போது அவள் மடியில் ஈரம் மட்டும் இருந்தது.

மாலையில் கப்பல் கிளம்பும்போது பால்கனியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஃப்ளோம் சின்னதாகிக்கொண்டே போனது. பச்சை ரயில் ஒன்று நிலையத்தில் நின்றது தெரிந்தது. முட்டி வீங்கவில்லை, நானே அழுத்திப் பார்த்தேன்.

கையேட்டைக் கொண்டுவரச் சொன்னாள். மறுநாள் நிற்கும் இடத்தில் கப்பல் கரையை ஒட்டாது, சின்னப் படகில் இறங்கித்தான் போக வேண்டும். "படகுக்கு எத்தனை படின்னு கேட்டுட்டு வா" என்றாள்.

சுற்றுலா மேசையில் அதே இளைஞர்தான் இருந்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. யோசித்தார், போனில் கீழ்த்தளத்தில் யாரையோ கேட்டார், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டை அக்காவிடம் கொடுத்தேன். பதினொன்று.

பென்சிலை எடுத்தாள். "இறங்க பதினொண்ணு, ஏற பதினொண்ணு. இருபத்திரண்டு. அஞ்சால பெருக்கினா நூத்திப்பத்து." கையேட்டின் ஓரத்தில் எழுதிக் கழித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். "ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறு இருக்குடி. என்னென்ன இருக்குன்னு படி."